பின்னால் கட்டிய கைகள்

பல வருடம் சேலைக் கரைக்கு டிசைன் வரைந்தவர், வில்லாபுரத்தில் இருந்த எங்கள் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் திரை வடிவமைக்க வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஓர் அழிரப்பர். அப்போது நாங்கள் ஓர் ஆஸ்பத்திரிக்கு, தொட்டால் டோக்கன் தரும் இயந்திரம் செய்துகொண்டிருந்தோம். திரையை அவர் முதலில் தாளில் பென்சிலால் வரைவார். அதை ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் வைத்து, வருகிறவர்களிடம் "இதுதான் மெஷின்னு நெனச்சு டோக்கன் எடுங்க" என்பார். தன்னை அறியாமல் எதையும் சுட்டிக்காட்டிவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஒருநாள் மருந்துச்சீட்டோடு வந்த பெண், பொத்தானை விட்டுவிட்டு, மூலையில் அவர் வரைந்திருந்த அன்னத்தையே மூன்று முறை அழுத்தினாள்.

"ஏன்க்கா, அதப் போயித் தொடுறீக?"

"எது அழகா இருக்கோ, அதத்தானண்ணே தொடத் தோணுது."

அவர் அன்னத்தை அங்கேயே அழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்புட்டு நல்லா இருந்துச்சேண்ணே!"

"நல்லா இருந்ததுனாலதான் தம்பி அழிச்சேன்."

இப்போது அந்தப் பெண் சரியாகப் பொத்தானை அழுத்தினாள். அவர் முகத்தில் திருப்தி. அவருக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் அந்தக் கைகள் தெரிந்தன. ஒரு விரல், மறு உள்ளங்கையில், அன்னத்தின் கழுத்தை மறுபடி மறுபடி வளைத்துக்கொண்டிருந்தது.