போனைப் பார்க்க மறந்த படம்

வந்தாறுமூலையில் படிப்பிக்கும் என் நண்பன் ஒரு சிற்றிதழ் நடத்துகிறான். வருடக் கடைசியில், அந்த வருடம் பார்த்த படங்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றி அதில் எழுதுவது வழக்கம். போன வருடம் அவன் கேட்டபோது ஏலாது என்றேன்.

"ஏன் மச்சான்? வருசம் முழுக்கத் தியேட்டரிலதானே கிடந்த நீ?"

உண்மைதான். வாழ்நாளில் அவ்வளவு படம் நான் பார்த்ததில்லை. ஆனால் அவற்றில் எதையும் படத்துக்காகப் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் ஒரே மகன் தை மாதம் ஏஜென்சிக்காரர் ஒருவர் மூலம் ஐரோப்பாவுக்கென்று புறப்பட்டான். மாசியில் ஏதோ ஒரு எல்லையிலிருந்து பேசினான். "காட்டுக்குள்ளால நடக்கப் போறம் அம்மா. கொஞ்ச நாளைக்குப் போன் வேலை செய்யா. பயப்புடாதீங்க." அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை.

செட்டிபாளையத்தில் எங்கள் வீடு இருக்க முடியாத இடமாகிவிட்டது. மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தாள். குளிக்கும்போது கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு தண்ணீர் வார்த்தாள். அயலவர்கள் அக்கறையோடுதான் விசாரித்தார்கள். அந்த அக்கறையைத் தாங்க எங்களால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ஏஜென்சிக்காரரைத் தேடி மட்டக்களப்பு டவுனுக்குப் போனோம். அவர் வீடு பூட்டிக் கிடந்தது. பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"இப்ப வீட்ட போக வேணாம். எங்கயாவது இருப்பம்."

எதிரே தியேட்டரில் மத்தியானக் காட்சி தொடங்க இருந்தது. உள்ளே போய் இருந்தோம். இருட்டில் யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனோம். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

போனை அவள் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருப்பாள். அடிக்கடி அதன் வெளிச்சம் அவள் முகத்தில் விழும். வெளியே வந்ததும் நான் வழக்கம்போல ஒளிப்பதிவு, திரைக்கதை என்று ஏதாவது சொல்வேன். அவள் கணக்கு வேறு. ஊரே எரிந்து ஒருவன் ஐம்பது பேரை அடித்து வீழ்த்திய படத்தை, "ஒரு நிமிசமும் மறக்க விடல்ல" என்று தள்ளினாள். நான் மட்டமென்று நினைத்த பேய்ப் படத்தைப் பரவாயில்லை என்றாள். பயத்தில் கொஞ்ச நேரம் மகன் நினைவு வரவில்லையாம். கடலில் காணாமல் போனவனைத் தேடும் படம் ஒன்று வந்தது. நல்ல இயக்கம், அளவான நடிப்பு. பாதியில் எழுந்து வந்துவிட்டோம். இன்றுவரை அதன் முடிவு எனக்குத் தெரியாது.

ஆனியில் ஒரு பேக்கரிப் படம் வந்தது. பெரிய நடிகர்கள் யாருமில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே பேக்கரியில் வேலை செய்கிறார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருத்தி மற்றவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பாண் வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறாள். கடைசியில் ஊரே இவர்கள் சண்டைக்குத் தூது போகிறது. மனைவி முதலில் மெல்லச் சிரித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைக்கப் போனைப் பைக்குள் வைத்தவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அவள் முகத்தில் திரையின் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. அன்று நான் படத்தைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன்.

வெளி வாசலில் அவள் போனை எடுத்தாள். தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள் வந்து நின்றிருந்தன. நான் அந்த நம்பருக்குத் திருப்பித் திருப்பி எடுத்தேன். இணைப்பே கிடைக்கவில்லை. அவள் தியேட்டர் படிக்கட்டில் அப்படியே குந்திவிட்டாள்.

"நான் சிரிச்சிட்டு இருந்திருக்கன். என்ட புள்ள கூப்பிடக்குள்ள நான் சிரிச்சிட்டு இருந்திருக்கன்."

அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவளை எழுப்பிப் பஸ்ஸில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது, போனை வாவிக்குள் எறிந்துவிடுவாளோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பல வாரங்கள் அவள் வெளியே வரவில்லை.

ஆவணியில் ஒரு காலை அவன் பேசினான்.

"பிடிச்சி முகாமில வச்சிருக்காங்க அம்மா. கால் வீங்கிட்டு. திருப்பி அனுப்புவாங்களோ, என்னவோ தெரியா. அண்டைக்கும் எடுத்தன், நீங்க எடுக்கல்லயே."

அவள் "சாப்பிட்டியா மனே?" என்று மட்டும் கேட்டாள். இரவல் போன், வைக்க வேண்டும் என்றான். எந்த நாடு என்று நான் கேட்பதற்குள் துண்டித்துவிட்டது.

அதற்கடுத்த சனிக்கிழமை அவளே தியேட்டருக்குக் கூப்பிட்டாள்.

நண்பன் விடாமல் கேட்டதால் மார்கழியில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை அவள் வாங்கி வாசித்தாள்.

"அந்தப் பேக்கரிப் படம் எங்க?"

"அத எப்பிடிப் புள்ள போடுற?"

"நல்ல படம்தானே. அத எடுத்த ஆக்கள் நமக்கு என்ன செஞ்சாங்க? எழுதுங்க."

எழுதினேன். அதையே முதலாவதாகப் போட்டேன். மாமியாராக நடித்தவர் மாப் பிசைந்துகொண்டே மருமகளின் முதுகைப் பார்க்கும் காட்சியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் வந்தது. வாசித்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

ஆவணியில் பேசிய பிறகு மகனிடமிருந்து தகவல் இல்லை. ஏஜென்சிக்காரரின் நம்பர் இப்போது பாவனையில் இல்லையாம். சனிக்கிழமை காலையில் அவள் சேலை உடுத்திக்கொண்டு வந்து, "இண்டைக்கு என்ன படம் ஓடுது?" என்று கேட்கிறாள். எது ஓடினாலும் போகிறோம்.