அட்டையில் இல்லாத பட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்ததும் உறவினர் சிலர் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவின் பெயருக்கு முன்னால் ‘நாட்டுப்பற்றாளர்’ என்று போடவேண்டும் என சுவிஸின் லோசான் நகரத் தமிழ்ப் பெரியவர்கள் கேட்டிருந்தார்கள். ஊருக்கு அம்மா செய்த உதவிகளை நினைத்து அன்போடுதான் கேட்டார்கள். ஆனாலும் நாங்கள் போடவில்லை. ஏன் என்று அவருடைய மகளாகிய நான் சொல்லவேண்டும்.

அம்மா பருத்தித்துறைக்கு அருகில், ஒரு பெரிய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடைசித் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர்தான். அந்த மாமா மீசை அரும்பிய வயதில் போராடப் போனார், திரும்பி வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் தாய்மண், தியாகம், வீரம் என்று பேசினார்கள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்த அம்மா, அதன்பிறகு அந்தச் சொற்களை வாயில் எடுத்ததே இல்லை. வேறு யாராவது சொன்னால் மறுத்துப் பேசவும் மாட்டார். எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார்.

லோசானுக்கு வந்து அப்பாவோடு குடும்பமானவர், மருத்துவமனைச் சமையலறையில் நீண்டகாலம் வேலை செய்தார். பிரெஞ்சு வகுப்புக்கும் போனார். வீட்டில் கரட் சீவும்போதெல்லாம் வினைச்சொற்களை முணுமுணுப்பார். எங்கள் வீட்டுக் கரட்டுகளுக்கும் பிரெஞ்சு தெரியும் என்று அப்பா கேலி செய்வார்.

ஒருமுறை படகேறி ஏரியின் அக்கரைக்கு, பிரான்சுக்குப் போனோம். அங்கே ஒரு சதுக்கத்தில் போர் நினைவுக்கல் இருந்தது. ‘மோர் பூர் லா பத்ரி’ என்று செதுக்கி, கீழே பெயர்களைப் பொறித்திருந்தார்கள். தாய்நாட்டுக்காக இறந்தவர்கள் என்று என் தம்பி விளக்கினான். அம்மா ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தார். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

“இவையள் ஒரு தாயின்ர பிள்ளையளோ?” என்று கேட்டார்.

அந்தப் பெயர்களை விரலால் தொட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார்.

ஊரில் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துக் குடும்பமாகக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். நேர்முகத்தில் ‘சுவிஸ்தான் என் பத்ரி’, என் தாய்நாடு என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று தம்பி அம்மாவுக்குப் பாடம் நடத்தினான்.

“ஏலாதடா. உந்தச் சொல் எனக்கு வராது.”

“ஒரு வசனம்தானே அம்மா! எல்லாரும் சொல்லுறவை.”

“எல்லாரும் சொல்லுவினம். பிறகு ஆரோ ஒருத்தரின்ர வீட்டுப் பிள்ளை போயிடும்.”

ஒரு சொல்லால் எல்லோருடைய விண்ணப்பமும் கெட்டுப்போகுமோ என்று அப்பாவுக்கும் எனக்கும் பயம். நாங்கள் பயந்தபடியே நடந்தது. சுவிஸ் உங்களுக்குத் தாய்நாடா என்று நேர்முகக் குழுவில் இருந்த பெண்மணி கேட்டேவிட்டார்.

அம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார்: “அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என் தம்பியைக் கொண்டுபோனார்கள், அதனால் நான் அதை எந்த நாட்டுக்கும் சொல்வதில்லை. என் பிள்ளைகள் இங்கே பயமில்லாமல் தூங்குகிறார்கள். இங்குள்ள நோயாளிகளுக்கு நான் சமைக்கிறேன். இதற்கு உங்கள் மொழியில் வேறு சொல் இருந்தால் தாருங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன்.”

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி பேனாவை மூடி வைத்தார். நோயாளிகளுக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். குடியுரிமை கிடைத்துவிட்டது.

சுவிஸ் தேசிய நாளன்று எங்கள் கட்டடத்தார் முற்றத்தில் காகித விளக்குகளைக் கட்டிக் கூடுவார்கள். கீழ்மாடியில் இருக்கும் முதியவர் கிளாசை உயர்த்தி, ‘வீவ் லா சுவிஸ்’, சுவிஸ் வாழ்க என்று முழங்குவார். குடியுரிமை கிடைத்த ஆண்டு அம்மாவும் தன் சர்பத்தை உயர்த்தினார். ஆனால் அவர் சொன்னது ‘வீவ் லெஸான்ஃபான்’, பிள்ளைகள் வாழ்க. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த முதியவர் தன் முழக்கம் முடிந்ததும் அம்மாவின் பக்கம் திரும்பிக் காத்திருப்பார். அம்மா சொல்ல, முற்றமே சேர்ந்து சொல்லும். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

இந்த ஆண்டு அந்த நாளில் அம்மா நோய் முற்றி மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். கிளாசைப் பிடிக்கக் கையில் பலமில்லை. முதியவர் ஒரு காகித விளக்கோடு வந்தார். வழக்கமான முழக்கத்தை அவர் சொல்லவில்லை. குனிந்து, மெதுவாக, “வீவ் லெஸான்ஃபான், மதாம்” என்றார்.

அம்மா கண்ணைத் திறந்து என்னையும் தம்பியையும் பார்த்தார்.

“ஓம். அது காணும்” என்றார், அதுவே போதும் என்பதுபோல. நாங்கள் கேட்ட அவருடைய கடைசி வார்த்தைகள் அவைதான். அவற்றை எழுதும்போது இன்னும் அழுகை வருகிறது.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், தங்கள் விடுமுறையை விட்டு வந்து அருகில் இருந்த சமையலறைத் தோழிகளுக்கும், கீழ்மாடிப் பெரியவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டம் கேட்ட பெரியவர்களுக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். “அப்ப வேண்டாம் பிள்ளை” என்றார் அவர்களில் மூத்தவர். அவருக்குத் தனியாக நன்றி.

அட்டையில் அம்மாவின் பெயர் இருக்கிறது. அதன் கீழே, அவர் பெற்ற எங்கள் இருவரின் பெயர்கள் இருக்கின்றன.

அது காணும்.