திரைக்குள் இருந்த கடிதங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலேர்மோவில் ஒரு பேராசிரியர் வீட்டில் வேலை செய்தேன். புரொபெசோரே என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியான மனிதர். ஜப்பானியரின் பழைய தூரிகை எழுத்துகளைச் சேர்ப்பவர். அவற்றைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றி வாய்க்குள் போட்டுக்கொள்வார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஒருநாள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த கிழிந்த மடிப்புத் திரை ஒன்றை வாங்கி வந்தார். மேல்தாளை ஈரமாக்கி உரித்தால், உள்ளே பலப்படுத்த ஒட்டியிருந்தவை முழுக்க யாரோ எழுதிய பழைய கடிதங்கள். ஒரு கடிதத்தின் கீழே இன்னொன்று. துடைக்க வந்த நானும் வேலையை மறந்து தரையில் இருந்துவிட்டேன். அடுத்தது எப்போது கழன்று வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நகர்ந்தபோது ஒரு தாளில் என் கால் பட்டுவிட்டது. பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் மோதிரத்தை உள்ளங்கையில் துப்பினார்.

"உங்களுக்கு இதை வாசிக்கத் தெரியுமோ?"

"இல்லை. எழுத்தெல்லோ, காலிலை பட்டிட்டுது."

"எனக்கும் தெரியாது. இருபது வருசமாச் சேர்க்கிறன்," என்றார். "மிச்சத்தை நீங்களே எடுங்கோ."

மாலைவரை நான்தான் எடுத்தேன்.

மறுநாள் சமையலறையில், மீன் சுற்றி வந்த பத்திரிகைத் தாளை அவர் மிதித்துவிட்டார். நின்றார். மோதிரத்தைக் கழற்றி வாயில் போட்டார். குனிந்து அந்தத் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றினார்.

விளையாட்டோ என்று முகத்தைப் பார்த்தேன். இமையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை.