கொல்லையில் எடுத்த போட்டோ

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் செய்யூர்ப் பக்கம் எங்கள் தெருவில் முதன்முதலாக நிலம் வாங்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள், என் வீட்டைத்தான் காட்டுவார்கள். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. நான் சவுக்கு வெட்டினேன், லோடு ஏற்றினேன், பிறகு சொந்த லாரியே ஓட்டினேன். அப்படி வாங்கியது இந்த இரண்டு ஏக்கர் கொல்லை. ஒருத்தரும் கை கொடுக்கவில்லை.

முட்டி போன பிறகு, எங்கள் தெருவில் புருஷனை இழந்த ஒரு பெண்ணிடம் வாரத்துக்கு விட்டேன். உழவும் விதையும் அவளுடையது, விளைச்சலில் பாதி எனக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு. எங்கள் பக்கம் வாரத்தை யாரும் எழுதுவதில்லை. அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் கிராமக் கணக்கில், பயிர் வைப்பவர் என்று நிலக்காரன் பேர்தான் இருக்கும். உழுகிறவர் பேர் ஒரு தடவை ஏறிவிட்டால் இறக்க முடியாது என்று எல்லோருக்கும் பயம். எனக்கும்தான்.

போன மார்கழி மழையில் வேர்க்கடலை மொத்தமும் தண்ணீரில் அழுகியது. அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அடங்கலில் யார் பேரோ அவர் கணக்குக்குத்தான் பணம். கிராம அதிகாரி வந்து, விவசாயியைக் கொல்லையிலேயே நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார், நிற்பவர் பேர்தான் அடங்கலில் ஏறும் என்றார்கள்.

முந்தின நாள் அவள் வந்தாள்.

"மாமா, வெதச்சது நானு. பணம் உனக்கா? இன்னா நாயம் இது?"

"வந்ததும் அப்டியே உன் கைல குட்த்துடறேன். நான் வார்த்த மாறுறவனா?"

"உன் டப்பு யாருக்கு வேணும்? நாளைக்கு நான் நிக்கறேன், என் பேரு ஏறட்டும். அப்பதான் சொசைட்டில கடன் குடுப்பான். வட்டிக்காரன் வாசல்லயே எத்தினி நாளு நிக்கறது?"

கூடுவாஞ்சேரியிலிருந்து மகன் போனில் கத்தினான். "நைனா, அவ பேரு ஏறிச்சினா நெலத்த மறந்துடு!"

எந்தச் சந்திலும் லாரியைத் திருப்பியவன் நான். இந்தச் சந்தில் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

காலையில் அதிகாரி வந்தார். "பெரியவரே, வரப்புல நின்னா லொகேஷன் தப்பா காட்டுது. நடுவுல போங்க."

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். கெண்டைக்கால் வரை சேறு. அவள் வரப்பில் நின்றாள்.

"சார், ரெண்டு பேரையும் சேத்து எடுங்களேன்" என்றேன்.

"ஒருத்தர்தான். யாரு பயிர் வச்சது?"

அவள் என்னையே பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

எடுத்தார், பைக்கை உதைத்தார், போய்விட்டார். எனக்குக் கால் வரவில்லை. ஒரு காலை இழுத்தால் மறு கால் இறங்குகிறது.

"பயிர் வச்சவருக்கு எங்க பொதையும்னு தெரியாதா மாமா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய், "சரி, கைய குடு" என்று குனிந்தாள்.

"நானே வருவேன், போ."

போனாள். பிறகு அந்தக் கொல்லைப் பக்கம் அவள் வரவே இல்லை. தவழ்ந்துதான் ஏறினேன். செருப்பு இரண்டும் சேற்றோடு போயிற்று.

பணம் வந்தது. கொண்டுபோனேன், அவள் கதவைத் திறக்கவில்லை. இப்போது வாரத்துக்குக் கேட்டு எங்கள் தெருவில் ஒருத்தரும் வருவதில்லை. விற்றுவிடு என்கிறான் மகன். விற்றால் நான் யார்?

அடங்கலில் நான்தான் விவசாயி. கொல்லை முழுக்கக் கோரை. தினமும் வரப்பு வரை போய் நிற்கிறேன். இறங்கினால் ஏற முடியாது.