அம்மா பழக்கிய குடம்

எங்கள் அம்மா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் சுடுகாட்டில் அன்று நடந்ததை நேரில் பார்த்தவர்கள். அது ஏன் அப்படி நடந்தது என்பதை இளைய மகனான நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்மா ஏம்பலத்தில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். குருவிநத்தத்துக்கு மருமகளாக வந்த இரண்டாம் வருடம் அண்ணன் பிறந்தார். மூன்று வயதாகியும் அவர் நடக்கவில்லை, பேசவில்லை. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர், இந்தப் பிள்ளைக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும் என்றாராம். துணைக்குப் போன அத்தை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறார். அம்மா அழவில்லை. "மெதுவான்னுதானே சொன்னாரு? வராதுன்னா சொன்னாரு?" என்று அத்தையையே அதட்டினார்களாம். அந்த 'மெதுவா'வைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்.

அண்ணன் ஐந்து வயதில் நடந்தார். எட்டு வயதில் 'ம்மா' என்றார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டபோது அவருக்குப் பதினான்கு வயது. அன்று எங்கள் வீட்டில் பாயசம். நான் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய அன்று பாயசம் வைக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

வாரம் ஒரு நாள் கிருமாம்பாக்கம் போய், அங்கிருந்து பஸ் மாறி, அண்ணனைப் பயிற்சி வகுப்புக்கு அழைத்துப் போவார்கள். வகுப்பு முடியும் வரை வாசல் மரத்தடியில் ஏழெட்டுத் தாய்மார்கள் காத்திருப்பார்கள். அங்கே அம்மா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொருவரையும் "உன் வூட்ல இன்னா புதுசு?" என்று கேட்க வேண்டும். என் மகள் தானாகச் சோறு பிசைந்தாள், என் பையன் செருப்பை மாற்றிப் போடவில்லை என்று எதையாவது சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் கைதட்ட வேண்டும். ஒருமுறை ஒரு தாய், "ஒண்ணும் இல்லக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாராம். "புள்ளைய இட்டுக்கினு நீ வந்தியே, அது போதும்" என்று அவருக்கும் தட்ட வைத்தார்கள். வகுப்புகள் முடிந்து பிள்ளைகளுக்கு நரை விழுந்த பிறகும் அந்தத் தாய்மார்கள் ஒருவரையொருவர் விடவில்லை.

அம்மா மனம் உடைந்து நான் பார்த்தது அப்பா இறந்தபோதுதான். தகப்பனுக்குத் தலைப்பிள்ளை, தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளிக் குடம் எடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் அன்று பெரியவர்கள் கூடி, "அவனுக்கு இன்னா தெரியும், சின்னவனே எடுக்கட்டும்" என்று முடிவு செய்தார்கள். அண்ணனைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டோம். நானும் சரி என்றேன். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அப்பா போனதை அண்ணன் பார்க்கவே இல்லை. மாதக்கணக்கில் அப்பாவின் சட்டையை எடுத்துக்கொண்டு கழனிக்குத் தேடிப்போவார். ஒவ்வொரு முறையும் அம்மா பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் அம்மா என்னிடம் சாவகாசமாகக் கேட்டார்கள். குடம் எந்தத் தோளில், எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக என்று. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஏதோ தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று நினைத்து, இடது தோள், இடப்பக்கமாக மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு ஓட்டை, கடைசியில் பின்பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி தோட்டத்திலிருந்து சத்தம் போட்டாள். "நல்ல பிளாஸ்டிக் கொடத்துல யாரு ஓட்ட போட்டது? அதுவும் மூணு!"

"நான்தாம்மா. தென்னங்கன்னுக்குத் தண்ணி வுடறதுக்கு" என்றார்கள் அம்மா.

அன்றிலிருந்து தினம் காலையில் அண்ணன் நீலக் குடத்தை இடது தோளில் வைத்துத் தென்னங்கன்றை மூன்று சுற்று சுற்றுவார். முடிந்ததும் குடத்தை வைக்கோல் மேல் பின்பக்கமாகப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எதிரே நிற்கும் அம்மாவிடம் வந்து கையை நீட்டுவார். கையில் ஒரு வெல்லக்கட்டி விழும். மோட்டார் இருக்கும்போது இது என்ன கூத்து என்று நான்கூடக் கேலி செய்தேன். அம்மா சிரிப்பார்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டே கூப்பிட்டார்கள். "அப்பாவோடத நீ எடுத்துக்கின. என்னோடத அவனுக்கு வுட்டுடுப்பா. அவனுக்குத் தெரியும்." அந்தத் தென்னங்கன்று எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுடுகாட்டில் மாமா தயங்கினார். "வழக்கப்படியும் நீதானப்பா எடுக்கணும். அவன் பாதியில நின்னுட்டா இன்னா பண்றது?"

"நிக்கமாட்டாரு மாமா" என்றேன். குடத்தை அண்ணனின் இடது தோளில் வைத்தேன்.

அண்ணன் நிற்கவில்லை. தோளில் தண்ணீர் பீய்ச்சியபோது சிரித்தார். மூன்று சுற்றும் இம்மி பிசகவில்லை. ஆனால் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் குடம் வைக்கோலில் விழுந்தால் சத்தம் வராது. மண்குடம் பட்டென்று உடைந்தது. பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"திரும்பக் கூடாதுப்பா!" என்று கூட்டத்தில் யாரோ பதறினார்கள். காரியம் செய்து வைத்த பெரியவர் கை அமர்த்தினார். "பெத்தவள புள்ள பாக்கறான். இதுல இன்னா கொறைஞ்சுபோச்சு?" என்றார். அண்ணன் ஆசைதீரப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து கொள்ளி வைத்தோம். வீட்டுக்கு வந்து குளித்ததும் அம்மாவின் டப்பாவிலிருந்து வெல்லம் எடுத்துக் கொடுத்தேன். "லேட்டு" என்றார் அண்ணன்.

இந்த முறை அவர் யாரையும் கழனியில் தேடவில்லை. எங்களோடு நன்றாக இருக்கிறார்.

அம்மாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், கடைசியில் என் சொல்லை ஏற்ற மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. கருமாதியன்று அந்த மரத்தடித் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பாகூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், "இன்னாடா புதுசு?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் இடது தோளைத் தட்டிக் காட்டினார். "கொடம். நானு."

அந்தத் தாய்மார்கள் கைதட்டினார்கள். கருமாதி வீட்டில் கைதட்டலா என்று உறவினர்கள் திகைத்துப் பார்த்தார்கள். நானும் எழுந்து நின்று தட்டினேன்.