சுண்ணாம்பு பூசிய கை

ஷாமிலாவை நீங்கள் பார்த்திருந்தாலும் நினைவில் வைத்திருக்க மாட்டீர்கள். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஏறுகிற தோட்டத்துப் பாதையில், காலையில் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, முதுகில் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிற முப்பது பெண்களில் அவள் ஒருத்தி. வயது முப்பத்தொன்று. சத்தமாகப் பேச மாட்டாள். ஒரே மகள் லோஜினி. ஏழு வயது, அம்மாவுக்கும் சேர்த்துப் பேசுவாள்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிற பத்திநாதன். ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்று யாருக்கு எந்த வேலை வந்தாலும் பேசுவதற்கு என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஷாமிலாவும் என்னிடம் படித்தவள்தான். சிங்களம் மட்டும் அவளுக்கு ஏறவில்லை. அதில் அவள் குற்றம் எவ்வளவு, என் குற்றம் எவ்வளவு என்று இப்போது பார்த்து என்ன பயன்?

அவள் வாழ்க்கையில் எதையும் அவள் முடிவு செய்ததில்லை. இன்றைக்கு எந்த மலையில் பறிப்பது என்று கங்காணி சொல்வார். எந்தச் சங்கத்தில் சேர்வது என்று அப்பா சொன்னார். யாரைக் கட்டுவது என்று தாய்மாமன் சொன்னார். கட்டிய நிரஞ்சன் நல்லவனாக அமைந்தது அவளுடைய அதிர்ஷ்டம். அவன் கட்டார் நாட்டில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுப்பான். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் ஒரு பிள்ளையின் உயிரைக் கையில் கொடுத்து, 'நீயே யோசித்துச் சொல்' என்றார்கள். எனக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நடந்தது இதுதான். மார்ச் மாதம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே வரும்போது, மேலே முருங்கை மரத்திலிருந்த கூடு காற்றுக்குக் கலைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கொட்டுகிற எதுவும் குளவிதான். அது தேனீயா வேறு பூச்சியா என்று நின்று பார்க்க யாருக்கு நேரம்? எல்லாரும் ஓடினார்கள். ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கொட்டு. ஒரு பிள்ளைக்குப் பதினான்கு இடத்தில் கொட்டியும் வீக்கத்தோடு போனது. லோஜினிக்குக் கொட்டியது இரண்டே இடம். கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று.

ஷாமிலா அப்போது கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்றாள். கூச்சல் கேட்டு ஓடிவந்தவள், பக்கத்தில் நின்ற ராசம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை வழித்து, மகளின் கழுத்திலும் கையிலும் அப்பினாள். மலையில் கொட்டு வாங்கினால் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். யார் மடியிலும் வெற்றிலை இருக்கும், வெற்றிலை இருந்தால் சுண்ணாம்பு இருக்கும். அவள் பூசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் உதடு தடித்தது. பிறகு கண் மூடிக்கொண்டது. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. தோட்டத்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்று அங்கே சொன்னார்கள்.

அன்றைக்கே சங்கத் தலைவர் வீரய்யா நாலு ஆட்களோடு போய்ப் பந்தம் கட்டிக் கூட்டை எரித்தார். ஒரு பூச்சி மிஞ்சவில்லை. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. நானும்தான் கும்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கண்டியில் ஒவ்வாமைக்கு மருத்துவம் பார்க்கிற டொக்டர் அம்மாவிடம் அனுப்பினார்கள். சிங்களவர். நல்ல மனுஷி, பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். முதல் கேள்வி, கொட்டியது எது? குளவி என்றோம். எந்தக் குளவி என்றார். எங்களுக்குக் குளவி என்றால் எல்லாம் ஒன்றுதான். கொட்டிய இடத்தில் முள் நின்றதா என்று கேட்டார். தேனீ என்றால் முள்ளைத் தோலிலேயே விட்டுவிட்டுப் போகுமாம், மற்றது விடாதாம்.

"கவனிக்கல சேர்," என்று என்னிடம் சொன்னாள் ஷாமிலா. "சுண்ணாம்பு பூசிட்டேன்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். கூட்டிலிருந்து ஒரு செத்த பூச்சியாவது கிடைக்குமா என்று டொக்டர் கேட்டார். எரித்துவிட்டார்கள் என்று அதையும் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லி, இரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். ஷாமிலா ரயிலில் வரும் வழி முழுக்கத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஒரு மாதத்தில் தோட்டமே பூச்சி பிடிக்கக் கிளம்பிவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆளுக்கொரு நெருப்புப் பெட்டியில் செத்த பூச்சியோடு வந்தார்கள். 'இதேதான் சேர், என் கண்ணால பாத்தேன்' என்று அழகுமுத்து ஒன்றைக் காட்டிச் சத்தியம் செய்தார். ராசம்மா கொண்டுவந்தது அதற்கு இரண்டு மடங்கு பெரிது. அவளும் சத்தியம் செய்தாள். ஐந்து பெட்டி சேர்ந்தது. ஐந்தையும் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். டொக்டர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்று ஒரு வகை, இரண்டு வேறு வகை. எரித்த கூட்டில் இருந்தது எது என்று அதை வைத்து அவரால் எப்படிச் சொல்ல முடியும்? இரத்தத்தைப் பார்த்தாலும் தேனீ விஷம், மற்றதின் விஷம் இரண்டுமே பிள்ளைக்கு ஆகாது என்றுதான் காட்டியது. சில பேருக்கு அப்படிக் காட்டுமாம். உண்மையில் கொல்லக்கூடியது ஒன்றாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

பிறகுதான் ஊசியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பூச்சியின் விஷத்தையே மிக மிகக் கொஞ்சமாக எடுத்து ஊசியில் ஏற்றுவது. கிழமைக்கு ஒரு ஊசி, மூன்று நாலு மாதம். பிறகு மாதத்துக்கு ஒன்று, மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ. உடம்பு அந்த விஷத்துக்குப் பழகிவிடும். சரியான விஷம் என்றால் மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் ஊசி போட்ட பிறகும் சில வேளை அன்றைக்கு வந்ததுபோலவே மூச்சு இழுக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். ஊசி வேண்டாம் என்றால், அவசரத்துக்கு ஒரு மருந்தைக் கையோடு வைத்துக்கொண்டு, பூச்சி இருக்கிற இடத்துக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூச்சி இருக்கிற இடத்துக்குப் போகாமல்! லயத்து வீட்டின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு தேயிலை நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போவதும் தேயிலைக்குள்ளேதான். இதை மொழிபெயர்க்கும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னா சேர் செய்யணுமாம்?" என்றாள் ஷாமிலா.

"அத நீதான் சொல்லணுமாம்."

"நானா? எனக்கென்னா தெரியும் சேர்? படிச்சவங்க அவங்க. அவங்களையே சொல்லச் சொல்லுங்க."

சொன்னேன். டொக்டர் மெதுவாகச் சிரித்து, "தீரணய அம்மாகே," என்றார். முடிவு அம்மாவுடையது என்று அர்த்தம். ஷாமிலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என்னால் முடிந்த அளவு மெதுவாகத் தமிழில் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கொல்லப் பாத்த வெசத்தையே கொண்டாந்து கையில ஏத்துவாங்களா சேர்? பெத்தவ நானே கூட்டியாந்து உக்கார வெச்சு ஏத்தச் சொல்றதா? ஏதாச்சும் ஆனா நாந்தானே கொன்னதா ஆகும்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

யோசித்தாள். நிரஞ்சனிடம் கேட்டாள். "எனக்கு இங்கேருந்து என்னா வெளங்கும்? நீயே பாத்து செய்," என்று சொல்லிவிட்டு அவன் போனில் அழுதானாம். ராசம்மா வேண்டாம் என்றாள். வீரய்யா போடு என்றார். கோயிலில், வெள்ளை என்றால் ஊசி போடலாம், சிவப்பு என்றால் வேண்டாம் என்று பூக்கட்டிப் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை வெள்ளை வந்தது, நம்பிக்கை இல்லாமல் இரண்டாம் தடவை போட்டாள், சிவப்பு வந்தது. என்னிடமும் வந்தாள். நான் சிங்களம் பேசிக் கொடுக்கத்தான் வந்தேன், முடிவு சொல்ல வரவில்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கிடையில் அவசர மருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரு டப்பாவுக்குள் மருந்து நிரப்பிய ஊசி. பிள்ளைக்குக் கொட்டினால் தொடையில் குத்த வேண்டும், யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் பின்வாங்கினார்கள். டப்பா என் மேசை லாச்சிக்கு வந்தது. வெறும் ஊசி ஒன்றை வாங்கி உருளைக்கிழங்கில் குத்திப் பழகினேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கூடைக் கிழங்கு முடியும் வரை குத்தினேன்.

ஷாமிலா ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏதாச்சும் ஆனா மணிய விடாம அடிங்க சேர். எந்த மலையில நின்னாலும் ஓடியாந்துருவேன்." எங்கள் பள்ளிக்கூடத்து மணி ஒரு தண்டவாளத் துண்டு, அடித்தால் மூன்று மலைக்குக் கேட்கும். சரி என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரிடமும் சொல்லிவைத்தேன்.

செப்டெம்பரில் ஒரு நாள், வலயத்துக் கல்வி அதிகாரி அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையில் இல்லை, மாலை இன்னும் கட்டி முடியவில்லை. பதறிப்போன அதிபர் தானே ஓடிப்போய் மணியை அடித்தார். விடாமல் அடித்தார். சொல்லிவைத்தது அவருக்கு மறந்துவிட்டது. எனக்குச் சட்டென்று நினைவு வந்து, வகுப்பிலிருந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

அவள் மேல்மலையிலிருந்து வந்தாள். பாதையில் வரவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக்குக் குறுக்கே, வெட்டிய கம்புகளை மிதித்துக்கொண்டு, நேராக இறங்கி வந்தாள். கூடை இல்லை, காலில் செருப்பு இல்லை. முழங்காலுக்குக் கீழே இரத்தம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அதிகாரி மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நின்ற லோஜினியின் மேலே போய் விழுந்தாள். பிள்ளையின் உதட்டைத் தடவினாள். கழுத்தைத் தடவினாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் லோஜினி.

இது யார் என்று அதிகாரி கேட்டார். அதிபர் என்னவோ சொல்லிச் சமாளித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாலையைப் பிய்த்து எறிந்திருப்பேன்.

ஷாமிலாவை என் வகுப்பில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கால் காயத்தை அவள் பார்க்கவே இல்லை. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"மணி எத்தன வாட்டி அடிக்குதுன்னு எண்ணிக்கிட்டே கொழுந்து பறிக்கிறேன் சேர். இன்னும் எத்தன வருசம் எண்ணுவேன்? ஊசியப் போடச் சொல்லுங்க. வெசமா இருந்தாலும் போடட்டும். ரெண்டையும் போடட்டும்."

அவள் வாழ்க்கையில் முதன்முதலாக எடுத்த முடிவு அது. அன்றைக்கே கண்டிக்குப் போன் எடுத்தேன். டொக்டர் சந்தோஷப்பட்டார், பிறகு குரல் தணிந்தது. இரண்டு மருந்தில் தேனீக்குரியது மட்டும்தான் இப்போது கையில் இருக்கிறதாம். மற்றது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. இதைத் தொடங்குவதா, இரண்டும் வரும் வரை காத்திருப்பதா? கொட்டியது தேனீ என்றால் பிள்ளை தப்பிவிடும். மற்றது என்றால் இந்த ஊசி அதற்கு உதவாது. பிறகு, எனக்குத் தெரிந்த அதே வார்த்தையைச் சொன்னார்.

"தீரணய அம்மாகே."

போனைக் கையால் பொத்திக்கொண்டு ஷாமிலாவிடம் சொன்னேன். அவள் மறுபடியும் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "பூசுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே சேர்," என்றாள். பிறகு, "இருக்கிறதப் போடச் சொல்லுங்க," என்றாள்.

முதல் ஊசிக்கு நானும் போனேன். லோஜினி அழவில்லை, தாதிக்குத் தன் பெயரைச் சிங்களத்தில் எழுதிக் காட்டினாள். ஊசி போட்டு முடிந்ததும் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். ஷாமிலா மகளின் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை ஒரு தடவை இருமியதும் எழுந்து நின்றுவிட்டாள். அரை மணி நேரம் ஆனதும் தாதி வந்து பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவமா சேர்?"

இருந்தோம். ரயில் போய்விட்டது. பஸ்ஸுக்கு நடக்கும்போது பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கால் அவள் முழங்கால் வரை தொங்கியது. அவசர மருந்து டப்பா என் சட்டைப் பையில் இருந்தது.

"சரியான ஊசியத்தானே சேர் போட்டோம்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியானதுதான் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.