அமானிதக் கல்

பெய்ரூட்டில் ஃபவாஸ் கரணை பிடிக்காத தெரு குறைவு. வாலிபத்திலிருந்து பூச்சு வேலைதான். கடலைப் பார்த்த மாடி வீடுகள், வக்கீல்களின் வீடுகள், ஒரு மந்திரியின் மச்சினன் வீடு என்று எத்தனையோ சுவர்களைக் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்திருக்கிறான். அதில் ஒரு சுவரைக்கூட அவன் பேரில் பதிய முடியாது. பாலஸ்தீனத்துக்காரன் பேரில் அந்த நாட்டில் வீடோ நிலமோ பதியக் கூடாதென்று சட்டம். பதிந்து கொடுத்தால் இங்கேயே தங்கிவிடுவான், ஊர் திரும்ப மாட்டான் என்று அதற்கொரு நியாயம் வேறு. எல்லாம் அவன் நன்மைக்காகத்தான்.

புர்ஜ் அகதி முகாமில் யாரும் அவனை ஃபவாஸ் என்று கூப்பிடுவதில்லை. அபூ மாஹிர் என்பார்கள், மாஹிரின் அப்பன். தலைப்பிள்ளையின் பேரைச் சொல்லி அப்பனைக் கூப்பிடுவது அங்கே மரியாதை. அந்த மாஹிரை அவன் கண்ணால் பார்த்தது கிடையாது. எண்பத்தாறின் கடைசியில், உள்நாட்டுப் போரில் ஒரு படை முகாமைச் சுற்றி வளைத்து வழியை அடைத்தபோது அவன் வேலைக்காக சைதா நகரத்தில் இருந்தான். வயிற்றில் பிள்ளையோடு அவன் மனைவி ரஸ்மியா உள்ளே மாட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் மாவு போகவில்லை, மருந்து போகவில்லை. வழி திறந்த அன்றைக்குப் பால்பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவனிடம் அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"பையன் பொறந்தான். உன்ன மாதிரியே காது. போயிட்டான்."

எங்கே வைத்தாய் என்று கேட்டான். பள்ளிவாசலுக்குப் பின்னால், மற்றவர்களோடு என்றாள். அந்த நாட்களில் அங்கே ஒரே குழியில் பலரைப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிற்பாடு சுஹைலா என்று ஒரு பெண் பிறந்தாள், வளர்ந்தாள், கட்டிக்கொடுத்தான். ஆனாலும் தெருவில் யார் கூப்பிட்டாலும் பார்க்காத பிள்ளையின் பேர்தான் முதலில் வந்து நின்றது.

ஃபவாஸின் அப்பா ஹாஜி தர்வீஷ் வேறு மாதிரி ஆள். கலிலேயாவில் குவைகாத் அவர் ஊர். நாற்பத்தெட்டில் துரத்தப்பட்டு வந்தவர். கடைசிவரை முகாம் வீட்டுக்குத் தளம் போட விடவில்லை. "தளம் போட்டா தங்கிடுவோம்டா" என்று சொல்லிக்கொண்டு, ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே பாத்திரங்களை வைத்துவிட்டு நடுவில் படுத்துக்கொள்வார். எந்த அமைப்போ முகாமில் மரக்கன்று நட்டபோது ராவோடு ராவாகப் பிடுங்கிப்போட்டவர்களில் அவரும் ஒருவர். ஃபவாஸின் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போனார். சாகும்போதும் அதே பேச்சுதான்.

"என்னைப் புதைக்காதீங்க. அமானிதமா வைங்க. வழி திறந்ததும் எடுத்துட்டுப் போய் குவைகாத்துல சேக்கணும்."

ஒப்படைத்த பொருளை உடையவனிடம் திருப்பிச் சேர்க்கிற மாதிரி. ஃபவாஸும் தம்பி அத்னானும் அவர் கையைப் பிடித்து சத்தியம் செய்தார்கள். தகரப் பெட்டியில் வைத்து, முகாமின் கபர்ஸ்தானில் இறக்கி, தலைமாட்டில் அகலமான கல் ஒன்றை நட்டார்கள். 'இது கபர் அல்ல, அமானிதம். குவைகாத்துக்குச் சேர வேண்டியது' என்று அதில் வெட்டியிருந்தது.

அந்தக் கல் பிறகு பேர் வாங்கிவிட்டது. மே மாதம், ஊர் பறிபோன நினைவு நாள் வந்தால் முகாம் கமிட்டித் தலைவர் உஸ்தாத் பஹ்ஜத் வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவந்து அதன் முன்னால் நிறுத்துவார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் இன்னும் வகுப்புக் குரல்தான். படம் எடுப்பார்கள். ஃபவாஸைப் பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள். டென்மார்க்கில் போய்க் குடியேறிய அத்னான் அங்கே மண்டபங்களில் பேசும்போது பின்னால் சுவர் முழுக்க அந்தப் படம்தான். டென்மார்க் பாஸ்போர்ட் வாங்கியதால் ஒருமுறை விமானத்தில் போய் குவைகாத்தையும் பார்த்துவிட்டு, ஒரு பாட்டிலில் மண் எடுத்து வந்தான். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் டென்மார்க்காரனாக வேண்டும். ஃபவாஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கல்லைக் கழுவித் துடைத்தது ரஸ்மியா. பெருநாள் காலையில் மற்ற பெண்கள் பேரீச்ச ஓலையைச் செருகிவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தே இருப்பாள். பெருநாளுக்குச் செய்த, மாமூல் என்கிற பேரீச்சம்பழப் பலகாரத்தில் இரண்டைக் கல்லடியில் வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் விடுவார்களா?

"ஏண்டி உம்மு மாஹிர், கண்ணால பாக்காத மாமனாருக்கு இவ்வளவு பாசமா? பல்லு போன மனுசன், சக்கரை வியாதில செத்தவரு. அவருக்குப் போய் இனிப்பு வெக்கிறியே."

"அங்க போனா பல்லு மொளைக்குமாம்" என்பாள் அவள்.

போன வருடம் கோடையில் ஒரு காலை, தண்ணீர் மோட்டார் போடப் போனவள் படியிலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. பெண்கள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட வேண்டும் என்று பேச்சு. குழி வெட்டுகிற அபூ ஸமீஹிடம் ஃபவாஸ் போனான்.

"இடமில்ல அண்ணே" என்றான் அபூ ஸமீஹ். "நடக்கிற பாதையிலயும் வெச்சாச்சு. இப்ப எல்லாரும் அவங்கவங்க குடும்பத்துப் பழைய கபரைத் திறந்து அதுலதான் வெக்கிறாங்க. உங்களுக்கு..." என்று இழுத்தான்.

ஃபவாஸ் குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு கபர். அதுவும் கபர் அல்ல என்று கல்லிலேயே வெட்டியிருந்தது.

பள்ளிவாசல் இமாம் தடை சொல்லவில்லை. நாற்பது வருடத்தில் மண் மண்ணோடு போயிருக்கும், திறக்கலாம் என்றார். ஆனால் ஜனாஸாக் கட்டில் கபர்ஸ்தான் வாசலுக்கு வந்தபோது உஸ்தாத் பஹ்ஜத் குறுக்கே நின்றார். சுவர் நிழலில் கட்டிலை இறக்கி வைத்தார்கள். நிழல் என்று பேர்தான், முக்கால்வாசி வெயில்.

"அபூ மாஹிர், உன் துக்கம் எங்க துக்கம்" என்றார் உஸ்தாத். "ஆனா அது உங்கப்பா கபர் மட்டுமில்ல. அது சாட்சி. அமானிதம்னு எழுதி வெச்சிட்டு அதுமேல இன்னொருத்தரை வெச்சா என்ன அர்த்தம்? அப்ப இங்கயே இருந்துக்கிட முடிவு பண்ணிட்டீங்களான்னு கேப்பான்."

"எவன் கேப்பான்?"

"கேக்க ஆளுக்கா பஞ்சம்? இந்த நாட்டுக்காரன் கேப்பான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் கேப்பான். டிவியில நாலு பேர் உக்காந்துகிட்டு அவங்களுக்கு ஊரே மறந்துபோச்சும்பான்."

"எழுபது வருஷமா பேசுறான், இன்னும் பேசட்டும் உஸ்தாத். என் பொண்டாட்டி வெயில்ல கெடக்கா."

"பெக்கா பள்ளத்தாக்குப் பக்கம் ஒருத்தர் நிலம் குடுக்கிறாரு. வண்டி சொல்லிட்டேன்."

அடக்கத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் கூட வந்திருந்த சுஹைலா முன்னால் வந்தாள். "மலை தாண்டி, ராணுவத்துக்காரன்கிட்ட காகிதம் காட்டிட்டுப் போய் நான் எங்கம்மாவைப் பாக்கணுமா? பெருநாளைக்கு நான் எங்க போவேன்?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஹாஜி தர்வீஷ் மண்ணாகிப்போயிருப்பார், இனிமேல் எதைத் தூக்கிக்கொண்டு போக என்றார் ஒருவர்.

"மண்ணானாலும் அது குவைகாத் மண்ணு" என்று இன்னொருவர் எகிறினார்.

"நீ பேசாதய்யா. உன் மகன் ஸ்வீடனுக்கு மனு போட்டுட்டு உக்காந்திருக்கான்."

"அவன் வயித்துக்குப் போட்டான். உரிமைய விக்கப் போடல."

"எல்லாரும் வயித்துக்குத்தான் போடுறாங்க. போனவன் எவன் திரும்பி வந்தான்?"

ஜனாஸாவைத் தூக்கி வந்தவர்களே தோள் வலியை மறந்து சண்டைக்கு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து சுஹைலாவின் போனில் அத்னான் வந்தான். உஸ்தாத்தான் தகவல் சொல்லியிருக்க வேண்டும். திரையில் அவன் முகம், பின்னால் புத்தக அலமாரி, அதில் அந்த மண் பாட்டில்.

"அண்ணே, அண்ணிக்காக அழுதுட்டுத்தான் பேசுறேன். ஆனா அந்தக் கல்லைத் தொடாதீங்க. நாம அப்பாவுக்குக் குடுத்த வாக்கு. அதைத் தொட்டா திரும்பிப் போறதையே விட்டுக்குடுத்த மாதிரி."

"நீதான் போயிட்டு வந்தியேடா."

"அது டூரிஸ்டா போனது அண்ணே."

"எனக்கு அதுக்கும் வழியில்ல." ஃபவாஸ் போனைக் கையில் வாங்கிக்கொண்டான். "ஏண்டா தம்பி, ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நீ போயிட்டா உன்னை எங்க வெப்பாங்க?"

அத்னான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "இங்க நம்மாளுங்க சேந்து ஒரு இடம் வாங்கியிருக்கோம்."

"அமானிதமாவா?"

போன் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"போகமாட்டேன்னு நான் சொல்லலடா" என்றான் ஃபவாஸ். "வழி திறக்கட்டும். அப்பாவையும் தூக்கிக்கிறேன், இவளையும் தூக்கிக்கிறேன். ரெண்டு பேரையும் சொமக்க எனக்குத் தெம்பிருக்கு." போனை மகளிடம் கொடுத்துவிட்டு அபூ ஸமீஹைப் பார்த்தான். "திற."

உஸ்தாத் தலையில் அடித்துக்கொண்டு ஒதுங்கினார். இரண்டு பேர் மண்வெட்டியோடு இறங்கப் போனார்கள். அபூ ஸமீஹ் கையை நீட்டித் தடுத்தான்.

"மம்பட்டி வேண்டாம். கையால எடுப்போம்."

"ஏன்? பெட்டி ஆழத்துலதானே இருக்கு" என்றான் ஃபவாஸ்.

அபூ ஸமீஹ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு மண்ணை வழித்துப் போட ஆரம்பித்தான். ஃபவாஸும் எதிரில் மண்டியிட்டான். முழங்கை ஆழம் போயிருக்கும். நைலான் சாக்கு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. நிவாரண மாவு வருகிற சாக்கு. ஒரு தலையணை அளவுகூட இல்லாமல் சுருட்டி, வாயை நூலால் தைத்திருந்தது. நெருக்கமான தையல், நாலு தையலுக்கு ஒரு முடிச்சு. ஃபவாஸின் வேலைச் சட்டை எல்லாவற்றிலும் அதே தையல்தான் இருந்தது.

"எங்கப்பா வெட்டினாரு, நான் விளக்கு புடிச்சேன்" என்றான் அபூ ஸமீஹ். "எனக்கு அப்ப மீசைகூட மொளைக்கல. ஒத்தப் புள்ளைய அத்தனை பேரோட குழியில போட மாட்டேன்னுட்டாங்க அக்கா. தாத்தாவோட வெச்சா, அவரை ஊருக்கு எடுத்துட்டுப் போறப்ப இவனையும் சேத்து எடுத்துட்டுப் போவாங்கன்னாங்க. குண்டு பறக்குது, அவங்க கேக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. அந்தக் கல்லு மேல கை வெச்சவன் என் புள்ளையா இருந்தாலும் வெட்டுவேன்னு நீங்க எப்பவோ சொன்னீங்களாம்."

சொன்னான்தான். கல்யாணமான புதிதில், யாருடனோ வாக்குவாதத்தில், எல்லோரும் கைதட்டும்படி சொன்னது.

உஸ்தாத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். போனில் அத்னானுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் நிக்கிறீங்க? சுஹைலா, கேமராவைத் திருப்பும்மா." சுஹைலா போனை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு குழியோரம் வந்து உட்கார்ந்தாள். "யாபா, அது அண்ணனா?" என்று கேட்டாள். ஃபவாஸ் தலையசைத்தான். பைக்குள்ளிருந்து அத்னான் பேசிக்கொண்டே இருந்தான்.

குழியை இன்னும் ஆழமாக்கி ரஸ்மியாவை இறக்கினார்கள். சாக்கை ஃபவாஸ் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே குழிக்குள் இறங்கி அவள் நெஞ்சோடு ஒட்டி வைத்தான். மேலே மூடக் கொண்டுவந்த சிமெண்டுப் பலகை ஒன்று குறைந்தது. வரும் வழியில் உடைந்ததாகச் சொன்னார்கள். இன்னொன்று வாங்கி வர ஆள் கிளம்பினான். ஃபவாஸ் வேண்டாமென்றான். தலைமாட்டுக் கல்லை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி, எழுத்திருந்த பக்கம் கீழே போகக் குழியின் மேல் கவிழ்த்தான். அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

"எழுத்து உள்ள போகுதே, அபூ மாஹிர்" என்றார் உஸ்தாத். குரலில் பழைய சத்தம் இல்லை.

"படிக்க வேண்டியவங்க உள்ளதான் இருக்காங்க."

வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கரணையை வரவழைத்தான். கல்லிடுக்குகளை அடைத்து, மண் தள்ளி, மேலே சாந்து குழைத்துப் பூசினான். அவசரப்படவில்லை. தண்ணீர் தெளித்து, மட்டப்பலகை போட்டு, மந்திரியின் மச்சினன் வீட்டுக்குச் செய்த அதே நேர்த்தியில் இழைத்து முடித்தான். அந்த நகரத்தில் அவன் தன் குடும்பத்துக்கென்று பூசியது அது ஒன்றுதான். அதில் எந்தப் பேரும் எழுதவில்லை.

இந்த மே மாதம் கபர்ஸ்தான் வாசலில் கமிட்டி ஒரு புதுக்கல் நட்டது. பளிங்கு. பழைய வாசகமே, எழுத்து மட்டும் பெரிது. செலவு அத்னானுடையது. வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண், குறிப்பெழுதுகிறவள், இங்கே அடக்கமாகியிருப்பது யார் என்று கேட்டாள். உஸ்தாத் சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபவாஸ் தண்ணீர் வாளியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

"அபூ மாஹிர், இங்க வா. யாரு இருக்கான்னு கேக்குது இந்தப் பொண்ணு. நீயே சொல்லு."

ஃபவாஸ் வாளியைக் கீழே வைக்காமலே பளிங்கைப் பார்த்தான்.

"யாருமில்ல" என்றான்.

உஸ்தாத் அதை ஆங்கிலத்தில் வெகுநேரம் சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.